துடிப்பும் பிரமாணமும்: கும்பளங்கித் தீர்க்கரேகையிலிருந்து ஒரு விசாரணை

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு தம் உள்ளோட்டத்தை இடைவிடாது திருத்திக்கொள்ளும் நுண்ணிய காலக்கருவிகள், ஒவ்வொரு வினாடியின் தொடக்கத்திலும் ஒரு மின் துடிப்பை வெளியிடுவதோடு நில்லாமல், நிமிடத்துக்கு ஒன்று, மணிக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று, அல்லது இத்தனை வினாடிக்கு ஒன்று என்று பயன்படுத்துவோர் தாமே வகுத்துக்கொள்ளத்தக்க துடிப்பு வாயில்களையும் உடையனவாக இருக்கின்றன. அவ்வாறு வகுப்பது கருவியைப் பொருத்த வரும் தொழில்நுட்பரிடம் விட்டுவிடத்தக்க சில்லறைக் காரியம் என்பது பரவலான அபிப்பிராயம். அதில் பாதிதான் உண்மை. வினாடித் துடிப்பு பௌதிகத்துக்குக் கட்டுப்பட்டது. அதனினும் நீண்ட துடிப்போ, இடைவெளி நீள நீள, சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் கட்டுப்பட்டதாகிவிடுகிறது.

கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்து கிடக்கும் கும்பளங்கியில், நீர்மட்டத்தைப் பதியும் கருவி ஒன்றை நிறுத்தி, அதற்கு மணிக்கொரு துடிப்புத் தருமாறு ஒரு காலக்கருவியை அமைப்பதாகக் கொள்வோம். உலகப் பொதுநேரமாகிய யூ.டி.சி.யிலேயே கருவி இயங்குமாயின், துடிப்பு பிறக்கும் கணத்தில் அவ்வூர்க் கடிகாரங்கள் அரைமணியைக் காட்டும். நாள் துடிப்போ நள்ளிரவில் வராமல் விடியற்காலை 5.30க்கு வந்து சேரும். கிரீன்விச்சுக்கு 8 மணி முழுதாக முந்தியுள்ள சிங்கப்பூரில் இதே பிழை நேர்ந்தால், மணித் துடிப்பில் அது புலப்படவே புலப்படாது. 45 நிமிடப் பின்னத்தை மேற்கொண்ட நேபாளத்தில் அது வேறொரு வடிவம் கொள்ளும். மூன்று நாட்டிலும் கருவி ஒன்றே, வினாடியும் ஒன்றே. வேறுபடுவது அரசாங்கங்கள் செய்த நிர்ணயம்.

பழைய சென்னை நேரத்தை நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நிறுவிய சென்னை வானாய்வு நிலையத்தின் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியதாக வழங்கிய அந்நேரம், தந்திக் கம்பிகளின் வழியே பரவி, இருப்புப்பாதைகளின் பொதுநேரமாகவும் விளங்கியது. இன்றைய கருவியொன்றை அந்நேரத்துக்கு அமைத்துப் பார்த்தால், வினாடித் துடிப்பு உலகத்தோடு இம்மியும் பிசகாமல் ஒத்துப்போக, நிமிடத் துடிப்பு மட்டும் 14 வினாடி விலகி நிற்கும். 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிய இந்திய நியம நேரம் அமலுக்கு வந்தபோது நிமிடங்கள் உலகத்தோடு ஒன்றுபட்டன, மணிகள் ஒன்றுபடவில்லை. பம்பாயும் கல்கத்தாவும் அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் தத்தம் நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தமை, மணித் துடிப்பு எவ்வளவு தூரம் அபிமானத்துக்குரிய விஷயம் என்பதற்குச் சான்று. நம் கும்பளங்கிப் பக்கமே திரும்பினால், கொச்சியின் மட்டாஞ்சேரி யூதர் தெருவில் யூத வணிகர் எசக்கியேல் ரகபி 1760இல் எழுப்பிய மணிக்கூண்டின் முகங்கள் எபிரேய, ரோமானிய, மலையாள எண்களைத் தாங்கி நிற்கின்றன. உள்ளூர்ச் சூரியனை ஒட்டிய நேரமோ அங்கே இன்றைய நியம நேரத்துக்குச் சுமார் 25 நிமிடம் பிந்தியது.

இனி, துடிப்பின் வடிவத்துக்கு வருவோம். துடிப்புக்கு ஏறும் விளிம்பு ஒன்று, இறங்கும் விளிம்பு ஒன்று; இவற்றுள் எது காலத்தைக் குறிப்பது என்பதைத் துடிப்பு தானாகச் சொல்லாது. துணைமின்நிலையத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்னலையின் கோணத்தை அளக்கும் கருவிக்கு ஒரு மைக்ரோவினாடிப் பிழை 0.018 பாகையாகத் தோன்றும். கம்பி நீளம் மீட்டருக்குச் சுமார் 5 நானோவினாடி தாமதம் தருவதால், நூறு மீட்டர்க் கம்பியைத் திருத்தாமல் விட்டாலும் பிழை ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கை எட்டாது. ஆயினும் அந்தத் தாமதத்தைக் கணக்கிடுவதில் காட்டப்படும் சிரத்தை விளிம்பைத் தேர்வதில் காட்டப்படுவதில்லை. ஏறும் விளிம்பை எதிர்பார்க்க வேண்டிய கருவி இறங்கும் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, துடிப்பின் அகலமும் 10 மில்லிவினாடியாக அமைந்திருக்குமாயின், கோணம் 180 பாகை புரண்டு பிழை உடனே அம்பலமாகும். அகலம் 20 மில்லிவினாடியாயின், அலை ஒரு முழுச்சுற்றுச் சுற்றி முடித்திருக்குமாதலால், அலையெண் சற்றும் பிறழாத வேளையில் கோணம் சரியாகவே தோன்ற, நிகழ்ச்சிக் குறிப்புகள் மாத்திரம் ஒரு சுற்று தவறிக் கிடக்கும். சிறிய பிழையைவிட முழுமையான பிழை நன்றாக ஒளிந்துகொள்ளும் விபரீதம் இது.

இடைவெளியை வினாடிக் கணக்கில் குறிக்கும் அமைவில் வேறொரு சூக்ஷ்மம் உண்டு. எண்ணிக்கையை நாள்தோறும் நள்ளிரவில் புதிதாகத் தொடங்கும் கருவிக்கு 7 வினாடி என்று கட்டளையிட்டால், 86,400ஐ 7 மீதியின்றி வகுக்காமையால், நாளின் கடைசி இடைவெளி 6 வினாடியாகக் குறுகும். கும்பளங்கியின் இறால் வளர்க்கும் கெட்டுகளிலும் பொக்காளி நெல் வயல்களிலும் தூம்பு திறப்போர் பின்பற்றும் வேலியேற்றமோ நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துவது. 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு துடிப்பு என்று 44,700 வினாடியை அமைத்தால், முதல் நள்ளிரவிலேயே எண்ணிக்கை அறுந்துபோகும். அறாவிட்டாலும் பயனில்லை, அடுத்தடுத்த ஏற்றங்கள் சமமில்லாத கடல் அது. ஆகவே அங்கே கடலைத் துடிப்பு பின்தொடர வேண்டியதில்லை. 360 வினாடிக்கு ஒரு முறை, நாளைச் சமமாக வகுத்து, நீர்மட்டம் எங்கே நிற்கிறதென்று குறிக்கச் செய்வதே தகும்.

ஆதலால் அமைவுக் குறிப்பில் இடைவெளியை மாத்திரம் எழுதுவது போதாது. எந்த நேரமுறை, எந்த விளிம்பு, எவ்வளவு அகலம், எந்தக் கணத்திலிருந்து எண்ணிக்கை என்பனவும் அளவைப் பதிவுகளோடு சேர்த்தே காக்கப்பட வேண்டும். இது மிகை என்று எண்ணுவோர், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யூ.டி.சி.யில் சேர்க்கப்படும் மிகை வினாடிகளுள் இதுவரை கடைசியாகச் சேர்க்கப்பட்டதை நோக்கலாம். யூ.டி.சி.யில் 2016 டிசம்பர் 31 நள்ளிரவுக்குச் சற்று முன் வந்த அது, நமக்கு 2017 ஜனவரி 1 காலை 5.30க்கு முந்திய வினாடியாக அமைந்தது. யூ.டி.சி. நள்ளிரவில் எண்ணத் தொடங்கும் கருவியில், பத்து வினாடித் துடிப்புகளுக்கிடையே ஒரே வினாடி நீளமுள்ள ஓர் இடைவெளி கூடுதலாகத் தோன்றி அத்தோடு முடிந்திருக்கும். இந்திய நள்ளிரவிலிருந்து துடிப்புகளை வெறுமனே எண்ணிவந்த கருவியில், அதன் பின் அன்று எஞ்சிய பொழுது முழுவதும் ஒவ்வொரு துடிப்பும் கடிகாரம் 9, 19, 29 என்று காட்டும் வினாடிகளில் பிறந்திருக்கும். மறுநாள் அதற்கான தடயம் எதுவும் எஞ்சியிராது.