கல்லில் விளைந்த ஹந்தஸா

கீழக்கரை ஜும்ஆப் பள்ளிவாசலைக் காணச் செல்வோர் அதன் பழமையைப் போற்றுவர்; வள்ளல் சீதக்காதியின் பெயரோடு அதனை இணைத்துப் பேசுவர். 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அக்கற்பணியில் நாம் ஈண்டு நோக்க விழைவது பிறிதொன்று. அதன் தூண்கள் திராவிடச் சிற்ப மரபில் வந்தவை. ஆயினும் கோயில் தூண்களில் தெய்வத் திருவுருவோ யாளியோ இடம்பெறும் பரப்பில், இங்கே பூவேலையும் கோட்டுருவங்களுமே காணப்படுகின்றன. உருவங்களை மார்க்கம் விலக்கியபின் சிற்பியின் உளிக்கு எஞ்சியது சமச்சீர் ஒன்றே. சதுரத்தைக் கால் சுற்றுச் சுழற்றினால் அது முன்போலவே நிற்கும். எட்டிதழ்ப் பூவுக்கோ அரைக்கால் சுற்றே போதும்.

சதுரக் கல்லை எண்பட்டையாக்குவது எங்ஙனம்? கயிறு ஒன்று போதும். சதுரத்தின் மூலைவிட்டத்தில் பாதியளவு கயிற்றை ஒவ்வொரு மூலையிலும் ஊன்றி, அம்மூலையில் கூடும் இரு பக்கங்களிலும் குறியிட வேண்டும். கிடைக்கும் எட்டுக் குறிகளை அடுத்தடுத்து இணைத்தால் ஒழுங்கான எண்கோணம் தோன்றும். கண்ணுக்குச் சரியாகத் தோன்றுகிறது, மெய்யாகவே சரிதானா?

இவ்வினா பக்தாதில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ (940–998) கைவினைஞருக்குத் தேவையான ஹந்தஸாவைப் பற்றித் தனி நூலே யாத்தார். (அளவு எனப் பொருள்படும் ‘அந்தாஸா’ என்னும் பாரசீகச் சொல்லே அரபியில் ‘ஹந்தஸா’ ஆயிற்று. வளைகுடா நாடுகளில் பொறியாளரை ‘முஹந்திஸ்’ என்றழைப்பதை நம் இளைஞர் அறிவர்.) கணித அறிஞரும் கைவினைஞரும் கூடிய அவையில், மூன்று சம சதுரங்களை ஒரே சதுரமாக்கும் வழி வினவப்பட்டதாக அவர் எழுதுகிறார். அறிஞர் பக்கத்தின் நீளத்தை எளிதில் வரைந்து காட்டினர். வெட்டிப் பொருத்தும் வழி வேண்டிய கைவினைஞருக்கு அது நிறைவளிக்கவில்லை. கைவினைஞர் காட்டிய வழிகளுள்ளும் சில, கண்ணுக்குச் சரியாகத் தோன்றினும் நிறுவ இயலாதவை. இரு சாராரையும் திருத்திய அப்பெருமகனாரின் நடுநிலையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

அவர் காட்டிய வழியை நம் பிள்ளைகள் காகிதத்திலேயே செய்து பார்க்கலாம். இரு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணங்கள். மூன்றாம் சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தோடும் ஒரு முக்கோணத்தின் நீண்ட பக்கத்தைப் பொருத்துக. நீண்ட பக்கத்தின் ஒரு முனை சதுரத்தின் மூலையில் தொடங்க, மறுமுனை அடுத்த மூலையைக் கடந்து நீளும். நான்கையும் ஒரே திசையில் சுற்றிவர வைத்தல் வேண்டும். பின்னர் அவற்றின் செங்கோண முனைகளை நேர்கோடுகளால் இணைத்தால் பெரிய சதுரம் உருவாகும். கோட்டிற்கு வெளியே துருத்தும் நான்கு சிறு துண்டுகளையும் வெட்டி உள்ளே வைத்துப் பார்த்தால், எஞ்சிய நான்கு இடைவெளிகளும் மிச்சமின்றி நிரம்பும்.