சிறுவர்மீதான குற்ற வழக்கு (இலங்கை)

கண்டி–குருநாகல் வீதியிலுள்ள கலகெதர போன்ற சிற்றூர்களில் சிறுவருக்கெனத் தனி நீதிமன்றக் கட்டடம் கிடையாது. நீதவானே வேறு அறையிலோ வேறு நேரத்திலோ சிறுவர் நீதிமன்றமாக அமர வேண்டும். 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச்சட்டம் வகுத்த ஏற்பாடு இது. அது இயற்றப்பட்டபோது 14 வயதுக்குட்பட்டவர் சிறுவர். 14 முதல் 16 வரை இளம் ஆள். பதினாறு நிரம்பியவர் வளர்ந்தவருக்குரிய நீதிமன்றத்துக்கே சென்றார். கொலை போன்ற அட்டவணைக் குற்றங்களும், வளர்ந்தவரோடு கூட்டாகச் சாட்டப்பட்ட வழக்குகளும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றன. 1991இல் இலங்கை ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைச் சமவாயமோ 18 வயதுவரை சிறுவர் என்கிறது. 2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டுக் குற்றப் பொறுப்பின் குறைந்தபட்ச வயது 8இலிருந்து 12ஆனது. நல்ல மாற்றம்தான், ஆனால் அது கீழ் எல்லையை மட்டுமே தொட்டது.

அட்டவணைக் குற்றம், கூட்டு வழக்கு என்ற விலக்குகளை நீக்கலாமே என்றால், கொடிய குற்றத்துக்கு வயதுச் சலுகை கூடாது என்பது வலுவான ஆட்சேபம். இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் 16–18 வயதினரை, முன்மதிப்பீட்டின் பின், வளர்ந்தவராக விசாரிக்க இடமளித்தது. எனினும் குற்றத்தின் கொடுமை செய்தவரின் வயதைக் கூட்டிவிடாது. சிறுவர் நீதிமன்றம் விடுதலை மன்றமுமல்ல; தடுத்துவைக்க அதற்கும் அதிகாரமுண்டு. கூட்டாளி வளர்ந்தவர் என்பதற்காகச் சிறுவன் பாதுகாப்பை இழக்கும் விதிக்கோ நியாயமே இல்லை. முதலில் நீக்கப்பட வேண்டியது அதுவே.