கண்ணாடிக்குத் தெரியாத முகம்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே ஆக்லாந்தில் சனிக்கிழமை காலை. லண்டனில் இருப்பவர்களுக்கு இன்னும் வெள்ளிக்கிழமை இரவு முடியவில்லை. நான் நைட் டியூட்டி முடிந்து நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், கண்கள் கொஞ்சம் சிவந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கலை வரலாறு படித்தவள் இல்லை. நாகர்கோவில் பக்கம் நர்சிங் டிப்ளமா முடித்துவிட்டு வந்தவள். வெப்கேம் கலையின் வரலாற்றைப் பேசப்போகிறேன் என்றதும் ஒருங்கிணைப்பாளர் "நிஜமாகவா அக்கா?" என்று கேட்டார். நிஜமாகத்தான். அதற்குக் காரணம் என் மகள்.

பள்ளியில் டிஜிட்டல் ஆர்ட் பாடத்துக்காக அவள் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தாள். மடிக்கணினிக்கு முன்னால் போய் நின்றால், திரையில் நம் உருவம் தெரியும். ஒரு பட்டாம்பூச்சி பறந்து வந்து நம் நெற்றியில் உட்காரும். வாயைத் திறந்தால் பறந்துவிடும். அவளுடைய சிநேகிதிகள் எல்லோருக்கும் வந்து உட்கார்ந்தது. அவளுக்கும் உட்கார்ந்தது, அவள் அப்பா நிறம். ஒரு சாயங்காலம் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே நான் போய் நின்றேன். பட்டாம்பூச்சி திரையின் மூலையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. "அம்மா, கொஞ்சம் லைட்டுக்குக் கிட்ட வாங்க" என்றாள். போனேன். உட்கார்ந்தது. எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் எனக்குப் பழைய ஒரு நாள் ஞாபகம் வந்துவிட்டது. நர்சிங் விண்ணப்பத்துக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போனபோது ஸ்டுடியோ அண்ணன் பவுடர் டப்பாவை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கம்மா, படத்துல முகம் விழாது" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பிலிமைப் பற்றி அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். கோடாக் நிறுவனம் அந்தக் காலத்தில் ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்த முகம் சரியாக வந்தால் நிறம் சரி. மற்ற முகங்கள் பவுடர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இருபத்தைந்து வருடம் கழித்து, பிலிமே இல்லாத காலத்தில், என் மகளும் அதையே ஏன் சொல்ல வேண்டியிருந்தது? இந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்தேன். அவளுடைய பட்டாம்பூச்சிக்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதன் முக்கியமான பக்கங்கள் பலவற்றை எழுதியவர்கள் மாணவர்கள்.

முதலில் மைரன் க்ரூகர். 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் ஆராய்ச்சி மாணவர். அறை அளவுக் கணினிகளில் எண்களைப் போட்டு எண்களை வாங்கிக்கொண்டிருந்த காலம். நம் உடம்பு அசைந்தால் கணினி பதில் சொல்லக்கூடாதா என்று அவர் யோசித்தார். 1970இல் 'மெட்டாபிளே' என்ற அவருடைய காட்சியில், ஓர் இடத்தில் இருந்தவரின் படமும், வேறொரு இடத்திலிருந்து வரையப்பட்ட கோடுகளும் ஒரே திரையில் சேர்ந்து தெரிந்தன. அந்த ஏற்பாட்டை வைத்து அவரும் ஒரு சகாவும் பேசிக்கொண்டிருந்தபோது, திரையில் இருவரின் கைப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பட்டதும் ஒருவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாராம். இருவரும் இருந்ததோ தனித்தனி இடங்களில். நர்ஸாக இருப்பதால் இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது. தொடுவது என்பது தோலில் மட்டும் நடப்பதில்லை என்று எங்களுக்கும் தெரியும்.

அங்கிருந்து 1975இல் 'வீடியோபிளேஸ்' வந்தது. கேமரா நம் நிழலுருவை மட்டும் எடுத்துக்கொள்ளும். 'கிரிட்டர்' என்ற குட்டி உயிர் திரையில் நம் உடம்பின் மேல் ஏறி, தலை உச்சிக்குப் போய் ஆடும். என் மகளின் பட்டாம்பூச்சிக்கு அதைக் கொள்ளுப்பாட்டி என்று சொல்லலாம்.

க்ரூகருக்குப் பல்கலைக்கழகத்தின் இயந்திரங்கள் தேவைப்பட்டன. இந்தக் கலை மேசைக்கு வந்து சேரக் காரணம் ஒரு காபிப் பாத்திரம். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காபி தீர்ந்துவிட்டதா என்று மாடியேறிப் போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டவர்கள், பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 1993இல் அந்தப் படம் இணையத்துக்குப் போனது. 1994இல் 'குவிக்கேம்' என்ற உருண்டைக் கேமரா சுமார் 100 டாலருக்குக் கடைக்கு வந்தது. கறுப்பு வெள்ளைதான். ஆனாலும் ஒரு மாணவர் வாங்கக்கூடிய விலை.

1999இல் வந்த ஒரு படைப்புக்கு வருகிறேன். கவிதை கேட்க வந்திருக்கும் நீங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஊடாடும் கலை படித்துக்கொண்டிருந்த கமீல் அட்டர்பேக், ரோமி அகிடுவ் என்ற கலைஞரோடு சேர்ந்து 'டெக்ஸ்ட் ரெயின்' செய்தார். வெள்ளைப் பின்னணிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். திரையில் நம் மேல் எழுத்துகள் மழையாகப் பெய்யும். கையை நீட்டினால் எழுத்துகள் கையில் தங்கும். இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடித்தால் அதில் வரிசையாக வந்து சேரும், வார்த்தைகள் கூடும், ஒரு வரி தெரியும். எவன் சிம்ராத் என்பவரின் கவிதையிலிருந்து எடுத்த எழுத்துகள் அவை. நின்று, கை நீட்டி, காத்திருந்தால்தான் வாசிக்க முடியும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். கேமராப் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்ச அளவு ஒன்று உண்டு. குறிப்பிட்ட அளவைவிட இருட்டான புள்ளி வந்தால் எழுத்து அங்கே நிற்கும், வெளிச்சமான புள்ளி என்றால் கீழே இறங்கும். முழு ரகசியமும் இதுதான். கவனியுங்கள்: இந்தப் படைப்பில் கறுப்பாக இருப்பது குறையே இல்லை. கருமைமேல்தான் கவிதை தங்குகிறது. யார், எந்த ஊர், என்ன முகம் என்று அந்தக் கேமரா கேட்கவில்லை. சுவருக்கும் கேமராவுக்கும் நடுவில் ஓர் உடம்பு இருந்தால் அதற்குப் போதும்.

கேமரா முகத்தைத் தேட ஆரம்பித்தபோது நிலைமை மாறியது. 2001இல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஓடும் படத்தில் முகத்தைச் சட்டென்று கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார்கள். கண் இருக்கும் பகுதி கன்னத்தைவிட இருட்டு, மூக்குத்தண்டு இரு கண்களையும்விட வெளிச்சம். இப்படிப்பட்ட ஒளி வித்தியாசங்களை ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் கணினிக்குப் பழக்கினார்கள். அதற்குப் பிறகு வேறு முறைகள் வந்துவிட்டன. ஆனால் படங்களைக் காட்டிப் பழக்குவது மட்டும் மாறவில்லை. அப்படியானால் யாருடைய படங்களைக் காட்டினோம் என்ற கேள்வி வந்துவிடுகிறது. புது வடிவத்தில் அதே ஷெர்லி அட்டை.

இதைக் கண்டுகொண்டவரும் ஒரு மாணவிதான். ஜாய் புவொலம்வினி, கானா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவர். அப்பா அறிவியலாளர், அம்மா ஓவியர். 2015இல் அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் ஒரு வகுப்புக்காக 'ஆஸ்பயர் மிரர்' என்ற கண்ணாடியைச் செய்தார். பாதி பிரதிபலிக்கும் கண்ணாடி, அதன் பின்னால் திரை, கூடவே ஒரு வெப்கேம். காலையில் கண்ணாடி பார்க்கும்போது, நமக்கு ஊக்கம் தரும் உருவம் ஒன்று நம் முகத்தின் மேல் வந்து பொருந்த வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கக் கதைகளில் உருமாறித் திரியும் அனான்சி என்ற சிலந்தியும் அவருடைய யோசனைக்குப் பின்னால் இருந்தது.

கண்ணாடி தயார். ஆனால் எல்லோரும் பயன்படுத்திய அந்த முகம் தேடும் மென்பொருளுக்கு அவருடைய முகம் அகப்படவில்லை. ஒரு வெள்ளை முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உடனே 'முகம் இருக்கிறது' என்றது கணினி.

அவருக்கு இது முதல் முறையும் இல்லை. கல்லூரியில் ஒரு ரோபோவோடு கண்ணாமூச்சி விளையாடும் நிரல் எழுதியபோது, ரோபோவுக்கு அவர் முகம் தெரியாததால் அறைத்தோழியின் முகத்தைக் கடன் வாங்கி வேலையை முடித்திருந்தார். பிறகு ஹாங்காங்கில் பார்த்த ஒரு ரோபோவும் அப்படியே. மென்பொருள் ஒன்றுதான், பயணம் செய்து அங்கேயும் போயிருந்தது. மூன்றாவது தடவை அவர் தோழியைக் கூப்பிடவில்லை. கலைப் பயிற்சியை அப்படியே வைத்துவிட்டு, காரணத்தைத் தேடிப் போனார்.

2018இல் அவரும் டிம்னிட் கெப்ருவும் 'ஜெண்டர் ஷேட்ஸ்' ஆய்வை வெளியிட்டார்கள். ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன் ஆகிய 6 நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களின் 1,270 படங்கள். மூன்று நிறுவனங்களின் மென்பொருளிடம் கொடுத்து, இவர் ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். வெளிர்நிற ஆண்கள் விஷயத்தில் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம் வரை. மூன்றில் ஒரு பெண்.

தோல் நிறங்களைப் பிரிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது தோல் மருத்துவர்களின் 6 படி அளவுகோல். 1975இல் தாமஸ் பிட்ஸ்பாட்ரிக் உருவாக்கியது, முதலில் வெள்ளைத் தோலுக்காக. கறுப்பு, மாநிறப் படிகள் பிறகு சேர்க்கப்பட்டவை. அளவுகோலிலேயே நாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்தான்.

பட்டாம்பூச்சி உட்காராவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பதில் என் வேலையிடத்திலேயே இருந்தது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கொரோனாவுக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். விரல் வழியே ஒளியை அனுப்பி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும். தோலில் இருக்கும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மிச்சிகன் மருத்துவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது: வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம்.

அதைப் படித்த இரவு எனக்கு ஒரு பாட்டி ஞாபகம் வந்தார். பல வருடத்துக்கு முன், வேறொரு ஊரில், என் வார்டில் இருந்தவர். நல்ல கறுப்பு. கருவி 93 காட்டியது. அவரோ நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினார். "எனக்கு முடியல தாயி" என்றார். நான் எண்ணைப் பார்த்தேன், மறுபடியும் எண்ணைப் பார்த்தேன், பிறகுதான் அவரைப் பார்த்தேன். கீழ் உதட்டை இழுத்து ஈறைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டேன். தமனி ரத்தப் பரிசோதனையில் வந்த எண், விரலில் காட்டியதைவிட நன்றாகக் குறைவு. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் நான் கருவியை நம்பினேன், அவரை நம்பவில்லை. இதை இன்றுதான் முதல் முறையாக வெளியே சொல்கிறேன்.

வேதாகமத்தில் ஆகார் என்று ஓர் அடிமைப் பெண் வருவாள். எகிப்துக்காரி. வனாந்தரத்தில் தனியாக நின்றபோது, தன்னையும் ஒருவர் பார்க்கிறார் என்பதை வைத்தே அவள் கடவுளுக்குப் பெயர் வைத்தாள். பார்க்கப்படுவது அவ்வளவு பெரிய விஷயம். இயந்திரத்திடம் நான் அதைக் கேட்கவில்லை. இயந்திரத்தைச் செய்பவர்களிடமும், அதன் பக்கத்தில் நிற்கும் என்னைப் போன்றவர்களிடமும் கேட்கிறேன்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் முகம் தேடும் பகுதியையே நிரலிலிருந்து எடுத்துவிட்டாள். அலமாரியிலிருந்த வெள்ளைப் பெட்ஷீட்டைச் சுவரில் மாட்டி, 1999இல் அட்டர்பேக் செய்ததுபோல, இருட்டான இடம் எங்கே இருக்கிறதோ அங்கே பட்டாம்பூச்சி உட்காரும்படி எழுதினாள். என் வேலைத்தோழிகளைக் கூப்பிட்டு ஒவ்வொருவராக நிற்கவைத்தாள். ஒருத்தி சமோவா, ஒருத்தி பிஜி, ஒருத்தி அயர்லாந்து. கடைசியில் என்னை.

"லைட்டுக்குக் கிட்ட வரணுமா?" என்றேன்.

"வேண்டாம்மா, நீங்க நிக்கிற இடத்துலயே நில்லுங்க."

பட்டாம்பூச்சி வந்தது. நெற்றியில் இல்லை, தோளில் உட்கார்ந்தது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்றாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.