சமூகப் பணிக்கும் பதிவு எண் உண்டா?



நம் ஆலத்தூர் நாட்டுப் பிள்ளைகள் சிலர் இப்போது எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறார்கள். "டாக்டருக்கும் வக்கீலுக்கும் கவுன்சில் இருக்கே, எங்களுக்கு இருக்கா அய்யா?" என்று கேட்கிறார்கள். பதிலுக்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட், எவெலின் தம்பதியர் மிஷனரிகளாக நம் கொல்லிமலையில் குடியேறினார்கள். மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். அவர் டாக்டர் பட்டம் பெற்றவர் அல்ல. சிறிது காலம் மருத்துவப் பயிற்சி பெற்றவர், அவ்வளவுதான். 1929-ல் காய்ச்சலில் இந்த மலையிலேயே இறந்தார். வேறு ஆளே இல்லாத காலத்தில் யாரும் அவரிடம் சான்றிதழ் கேட்கவில்லை.

சமூகப் பணியைப் படிப்பாகச் சொல்லித்தரும் பள்ளி 1936-ல் பம்பாயில் டாடா அறக்கட்டளையால் வந்தது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் ஒன்றைத் தொடங்கினார். 1948 தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்றது. அவருக்குரிய தகுதியை மாநில அரசே வகுக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் எல்லாச் சமூகப் பணியாளர்களுக்கும் பொதுவான பதிவேடு வரவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1945-லேயே பதிவுமுறையைத் தொடங்கிவிட்டது. இங்கோ யார் வேண்டுமானாலும் பிளெக்ஸ் பேனரில் 'சமூக சேவகர்' என்று போட்டுக்கொள்ளலாம்.

அதனால் என்ன நஷ்டம்? ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ஒரு மனநல இல்லத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநல இல்லம் நடத்த உரிமம் வேண்டும் என்று 1987 சட்டம் சொல்லியிருந்தும், அங்கே உரிமம் இல்லாமலே பல இல்லங்கள் நடந்துவந்தன.

1987 சட்டம் கட்டடத்துக்கு உரிமம் கேட்டது. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆளையும் பதிவு செய்யச் சொல்கிறது. மனநலச் சமூகப் பணியாளர் என்றால் சமூகப் பணியில் முதுகலையும், அந்தத் துறையில் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பும் வேண்டும். மாநில மனநல ஆணையம் அவர்களைப் பதிவு செய்து பட்டியல் வெளியிட வேண்டும். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம், மருத்துவமனைச் சமூகப் பணியாளர்களையும் சேர்த்துக்கொண்டு, மாநிலந்தோறும் கவுன்சிலும் பதிவேடும் வேண்டும் என்கிறது. கிராம வளர்ச்சி, தொழிலாளர் நலம் போன்ற பிற பிரிவுகள் இதற்குள் வராது.

ஆகவே பிள்ளைகளே, மருத்துவமனை அல்லது மனநலப் பக்கம் போக நினைப்பவர்கள் எந்தப் பதிவேட்டில் சேர வேண்டும், அதற்கு என்ன படிப்பு என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

பதிவு எண் என்பது நம் பெருமைக்கு அல்ல. உதவி கேட்டு வருபவருக்கு நம் தகுதியை எடைபோடத் தெரியாது. தவறு நடந்தால் முறையிட அவருக்கு ஓர் இடம் வேண்டும், அதற்குத்தான் அது.

ஊரில் இருக்கும் உறவுகளுக்கும் ஒரு சொல். சமூக சேவை என்று சொல்லி மலை ஏறி வந்து ஆதார் நகலும் கைநாட்டும் கேட்பவரிடம், "எங்கே படிச்சீங்க, எங்கே பதிஞ்சிருக்கீங்க, யாருகிட்ட புகார் சொல்றது?" என்று கேளுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்லோரும் நலமாக இருங்கள்.