ஆர்க்காட்டுச் சீமையில் வாழ்ந்த சிக்கந்தர்

நெசவுக்குப் பேர்போன எங்கள் பொதட்டூர்பேட்டை 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. பிறகு சித்தூருக்குப் போய், 1960இல் திருத்தணியோடு சேர்ந்து நம்மிடம் திரும்பியது. இந்த எல்லைகளெல்லாம் வரையப்படுமுன், இது நவாபுகளின் சீமையாக இருந்த நாளில், பாரசீகப் பள்ளிகளில் பெருமதிப்போடு வாழ்ந்து, பின் ஆதரவற்று மறைந்த முதியவர் ஒருவர் உண்டு. சிக்கந்தர் நாமா என்னும் காவியம்தான் அவர்.

இன்றைய அசர்பைஜானைச் சேர்ந்த கஞ்சா நகரில், 12ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், நிஜாமி என்னும் பெருங்கவிஞர் கையில் அவர் உருவெடுத்தார். அவருக்கு முன்பே, பிர்தௌசி 1010இல் முடித்த ஷாநாமா, மாசிடோனியாவிலிருந்து வந்து பாரசீகத்தைச் சூறையாடிய அலெக்சாண்டரை, அதாவது சிக்கந்தரை, தோற்ற மன்னன் தாராவுக்கு வேறு தாய் வயிற்று அண்ணனாக்கி வைத்திருந்தது. வென்றவனையே தம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்ட அந்த மக்களின் மனம் எத்தனை பெரியது! குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில், யஃஜூஜ் மஃஜூஜ் கூட்டத்தாரைத் தடுக்க இரும்பும் செம்பும் உருக்கிச் சுவர் எழுப்பும் துல்கர்னைனும் இந்த அலெக்சாண்டரே என்று பழைய உரையாசிரியர் பலர் கொண்டனர், மறுத்தோரும் உண்டு.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நவாபு சாதத்துல்லா கான் காலத்திலிருந்து ஆர்க்காடு பாரசீகக் கவிஞர்களின் ஊராயிற்று. 1745இல் பிறந்த வேலூர் பாகிர் ஆகா போன்ற பேரறிஞர்கள் அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். இந்தியாவெங்கும் பாரசீகம் கற்ற பிள்ளைகள், கவிஞர் சஅதியின் குலிஸ்தான், போஸ்தான் நூல்களை முடித்தபின் இந்தப் பெரியவர் முன்தான் வந்து உட்கார்ந்தார்கள். கணக்கெழுதவும் கடிதம் வரையவும் மொழி தேடி வந்தவர்களுக்கு அவர் அரசனின் கதையைச் சொல்லி, அதற்குள் அரசனின் தோல்விகளையும் வைத்துக் கொடுத்தார்.

தூதன் வேடத்தில் வந்த சிக்கந்தரை, பர்தா நாட்டு அரசி நுஷாபா, முன்பே வரைந்து வாங்கியிருந்த ஓவியத்தைக் கொண்டு அடையாளம் கண்டுவிடுகிறாள். விருந்தில் தட்டு நிறைய மாணிக்கமும் முத்தும் வைத்து உண்ணச் சொல்கிறாள். கல்லை எப்படி உண்பது என்று அவன் கேட்க, உண்ண உதவாத இதற்காகவா இத்தனை நாடுகளை மிதித்துவந்தாய் என்று திருப்பிக் கேட்கிறாள். வேறோர் இடத்தில், அழியா வாழ்வு தரும் ஊற்றைத் தேடி இருள் நாட்டுக்குள் நுழைகிறான். உடன் சென்ற கிள்று நபி அருந்திவிட, மன்னன் தாகத்தோடு திரும்புகிறான். அவனுடைய நீண்ட காதுகளின் இரகசியத்தை நாவிதன் குழிக்குள் சொல்ல, அங்கே முளைத்த நாணல் குழலாகி ஊருக்கே பாடிவிடும் கதையும் நிஜாமியிடம் உண்டு. ராசா காது கழுதைக் காது என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது அயல் கதை அல்லவே.

நோய் மெல்லத்தான் வந்தது. 1837இல் கம்பெனி அரசு, வழக்கு மன்றங்களிலிருந்தும் வருவாய்த் துறையிலிருந்தும் பாரசீகத்தை விலக்கச் சட்டம் செய்தது. படித்தால் வேலை என்ற பிடிப்பு தளர்ந்தது. சேப்பாக்கத்தில் முஷாயிரா என்னும் கவியரங்கம் நடத்தி, கவிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த நவாபு குலாம் கௌஸ் கான், 1855இல் பிள்ளையின்றி இறந்தார். அவரோடு நவாபுப் பட்டத்தையும் ஆங்கிலேயர் முடித்துவிட்டனர். புரவலர் போனபின் ஆசிரியர்கள் குறைந்தார்கள், மாணவர்கள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிழைப்பு அங்கே இருந்தது.

இன்று நம் பிள்ளைகள் படிக்கும் அலெக்சாண்டர், கி.மு. 326இல் ஜீலம் கரையில் போரஸை வென்றவர். அவர் வரலாற்று மனிதர். அவரைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் ஓர் அரசியின் கேள்விக்கு முன் வாயடைத்து நின்ற சிக்கந்தரை இழந்ததை நான் பேரிழப்பாகவே கருதுகிறேன். துல்கர்னைன் வெள்ளிக்கிழமைதோறும் ஓதப்படும் கஹ்ஃபு என்னும் அந்த 18ஆம் அத்தியாயத்தில் இருக்கிறார். அந்த வாழ்வுக்குக் குறைவில்லை. நிஜாமியின் சிக்கந்தருக்குத்தான் வீடு இல்லாமல் போயிற்று. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் பாரசீகக் கையெழுத்துப் படிகளைக் காத்துவருகிறது. அவற்றைப் பிரித்து வரிவரியாக வாசித்துப் பொருள் சொல்லக்கூடியவர்களைத்தான் இந்தச் சீமையில் இனித் தேடவேண்டும்.