வீட்டுச் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சையும்: சென்னை காசநோய் ஒப்பீட்டாய்வு

சென்னை காசநோய் ஒப்பீட்டாய்வு என்பது, நுரையீரல் காசநோயாளிகளைச் சானடோரியத்தில் தங்கவைத்துக் குணப்படுத்தும் முறையையும் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தும் முறையையும் ஒப்பிட்டறிய 1956இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வாகும். இதன் முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியாயின. காசநோய்க்குப் படுக்கை இன்றியமையாதது என்ற ஐரோப்பியக் கருத்தை மாற்றிய ஆய்வுகளுள் இது முதன்மையானது.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எர்மான் பிரேமர் என்னும் செருமானிய மருத்துவர், இன்று போலந்தில் உள்ள கோர்பர்சுடார்ஃபில் காசநோயாளிகளுக்கான முதல் சானடோரியத்தை அமைத்தார். தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றுமே அங்கு மருந்து. பின்னர் சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து உள்ளிட்ட நாடுகளிலும் இம்முறை பரவியது.

இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் சானடோரியம் நடத்திய தமிழக மருத்துவர் டேவிட் சௌரி முத்து, தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் அத்தகைய ஒன்றைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. தாம்பரம் வட்டாரத்தில் 'சானடோரியம்' என்பது இன்றும் ஊர்ப்பெயர் போலவே வழங்குகிறது. அங்குள்ள இரயில் நிலையத்தின் பெயரிலும் அச்சொல் உண்டு.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ் ஆகிய மருந்துகளும் 1952இல் ஐசோனியாசிடும் பயன்பாட்டுக்கு வந்தன. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் பல இலட்சம். படுக்கைகளோ சில ஆயிரங்களே. நெரிசலான வீட்டில், போதிய உணவின்றி வாழும் ஏழைக்கு மருந்து மட்டும் போதுமா? வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் தொற்றாதா? இவற்றுக்கு விடை காண வேண்டியிருந்தது.

ஆய்வு நடந்த விதம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை வகித்தார். சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவினருக்கும் ஓராண்டு ஐசோனியாசிடும் பாஸும் தரப்பட்டன. மருந்து ஒன்றே, இடம் மட்டும் வேறு.

முடிவுகள்

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் கூடுதல் ஓய்வும் கிடைத்தன. அவர்களது உடல் எடையும் கூடுதலாக ஏறியது. ஓராண்டின் முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியக் குழுவில் 92 விழுக்காடு, வீட்டுக் குழுவில் 86 விழுக்காடு. ஐந்தாண்டுகளுக்குப் பின் பார்த்தபோது அந்தச் சிறு வேறுபாடும் மறைந்து, இரு குழுக்களிலும் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நலமாக இருந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

தாக்கமும் பிழையான பாடமும்

இம்முடிவுகளின் துணையோடு 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டு தொடங்கியது. ஐரோப்பாவிலும் புதிய மருந்துகளின் வரவால் சானடோரியங்கள் மூடப்பட்டன. டாவோசின் சாட்சால்ப் சானடோரியம் 1950களில் தங்கும் விடுதியானது.

ஆனால் சென்னை ஆய்வில் 'வீடு' என்பது வெறும் வீடு அன்று. மையத்தின் பணியாளர்கள் நோயாளியின் வீட்டுக்கே சென்றனர். எதிர்பாராத நாட்களில் மாத்திரைகளை எண்ணினர். மருந்து உட்கொண்டாரா என்பதைச் சிறுநீர்ச் சோதனையால் அறிந்தனர். நாடு தழுவிய திட்டத்தில் மருந்து வந்தது. இந்தக் கண்காணிப்பு அதே அளவில் வரவில்லை. 1992இல் நடந்த மறுஆய்வு, நோயாளிகளில் பாதிக்கும் குறைவானவர்களே சிகிச்சையை முழுமையாக முடித்ததைக் காட்டியது. அதன் பின்னரே, நேரடிக் கண்காணிப்பில் மருந்து தரும் முறை 1997 முதல் நாடெங்கும் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. ஒப்பிடப்பட்டவை கட்டிடமும் குடிசையும் அல்ல, இரு வகைப் பராமரிப்புகள் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

இன்றைய நிலை

வீட்டுச் சிகிச்சை எல்லோருக்கும் பொருந்துவதில்லை. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறிந்தவுடன் உடல் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், இரத்த ஆக்சிசன் அளவு, துணையின்றி நிற்கும் திறன் ஆகியவை பார்க்கப்படுகின்றன. நிலை மோசமானவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். ஏனையோர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுகிறார்கள். சேத்துப்பட்டு மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.