அன்பா, அச்சமா? பாவசங்கீர்த்தனச் சீட்டின் முன்வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் நகரில் சாகக்கிடப்பவர் அவஸ்தைப்பூசுதல் கேட்டால், பங்குக் குரு முதலில் ஒரு சீட்டைக் கேட்டார். நோயாளியின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட குருவின் கையொப்பம் அதில் இருக்கவேண்டும். 1746இல் பேராயரான கிறிஸ்தோஃப் தெ போமோன் இந்த நடைமுறையைக் கண்டிப்பாக்கினார். நோயாளி மனம் வருந்தினாரா, கடவுளை நேசித்தாரா என்பது பற்றிச் சீட்டில் ஒரு சொல்லும் இராது. யாரிடம் பாவத்தைச் சொன்னார் என்பதே அதன் செய்தி. அந்தக் குரு, ஜான்செனியம் என்ற கடும்போக்குக் கத்தோலிக்கக் கொள்கையைக் கண்டித்த திருத்தந்தையின் 1713ஆம் ஆண்டு ‘உனிஜெனித்தூஸ்’ ஆணையை ஏற்றவரா என்பதே கேள்வி. பாரிஸ் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவரும் திருச்சபைப் பாடல்களை இயற்றியவருமான ஷார்ல் கொஃபேன் இந்தச் சீட்டு இல்லாமையால் 1749இல் அருட்சாதனம் மறுக்கப்பட்டு இறந்தார். இதை ஜான்செனியப் பூசலின் கிளைக்கதையாகவே பலர் எழுதுகின்றனர். ஆனால் சீட்டின் வேர் ஐந்து நூற்றாண்டுகள் பின்னே செல்கிறது. அளக்க முடியாத அன்பின் இடத்தில் அளக்கக்கூடிய கீழ்ப்படிதலை வைத்த பழக்கமே அதன் விளைநிலம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத் திருச்சபையில் பெரும்பாவிக்கான தவம் ஊரறிய நடந்தது. பொதுவாக வாழ்நாளில் ஒருமுறைதான் அதற்கு இடமுண்டு. பிறகு ஐரிஷ் துறவிகள் தனிமையில் திரும்பத் திரும்பச் செய்யும் தவமுறையைப் பரப்பினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாரிஸில் பாடம் சொன்ன அபெலார்ட், கடவுள்மீதான அன்பால் எழும் துயரமே பாவத்தைப் போக்குகிறது என்று வாதிட்டார். இறையியலாளர் பீட்டர் லொம்பார்டும் அந்தப் பக்கமே சாய்ந்தார். அது முழு உண்மையானால் குருவிடம் ஏன் போகவேண்டும்? 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இந்தக் கேள்விக்கு இறையியல் விடை தேடவில்லை, சட்டம் போட்டது. விவரம் தெரிந்த வயதை எட்டிய ஆணும் பெண்ணும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும், பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்கவேண்டும். தவறினால் உயிரோடிருக்கையில் கோவிலுக்குள் நுழையத் தடை. இறந்தால் கிறிஸ்தவ அடக்கம் இல்லை. பாவத்துக்காக வருந்தும் மனஸ்தாபத்தின் ஆழத்தைப் பார்க்க எந்தக் குருவாலும் இயலாது. யார் வந்தார், யார் வரவில்லை என்பதை எந்தக் குருவும் சொல்லிவிடலாம்.

திரெந்து பொதுச்சங்கம் 1551இல் இருவகைத் துயரத்தையும் பிரித்துக்காட்டியது. அன்பால் நிறைவுற்ற மனஸ்தாபம் அருட்சாதனத்துக்கு முன்பே பாவியைக் கடவுளோடு ஒப்புரவாக்கும். ஆனாலும் அருட்சாதனத்தைப் பெறும் விருப்பம் அதில் அடங்கியிருக்கவேண்டும். தமிழ்க் கத்தோலிக்கர் உத்தம மனஸ்தாபம் என்று செபத்தில் சொல்லிப் பழகியது இதைத்தான். நரகத்துக்கு அஞ்சியோ பாவத்தின் அருவருப்பை உணர்ந்தோ வரும் குறைத் துயரம், அருட்சாதனத்தில் அருளைப் பெறப் பாவியைத் தயார்செய்யும். அந்த அச்சத்தோடு அன்பின் தொடக்கமாவது கலந்திருக்கவேண்டுமா என்ற சண்டை அடுத்த நூற்றாண்டு முழுக்க நீடித்தது. 1667இல் திருத்தந்தை ஏழாம் அலெக்சாண்டர் தீர்ப்புச் சொல்லாமல், ஒரு தரப்பு மறுதரப்பைக் கண்டனம் செய்யக்கூடாது என்று மட்டும் தடைவிதித்தார். ஆக, அன்பு தேவையா என்பது திறந்த கேள்வியாகவே நின்றது. ஆண்டுக்கு ஒருமுறை வரவேண்டும் என்பதில் மட்டும் ஐயமே இல்லை.

அச்சமே போதும் என்ற தரப்பின் நிலை கருணையல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்றாடப் பாட்டில் உழல்பவரிடம் தூய அன்பைக் கேட்டால் மன்னிப்பு ஒருசிலரின் சொத்தாகிவிடும். ‘அடிக்கடி நற்கருணை’ பற்றி 1643இல் எழுதிய ஜான்செனியர் அந்துவான் அர்னோவும் அவர் வழிவந்தோரும் இந்தச் சிக்கலில்தான் விழுந்தனர். உண்மையான மனமாற்றம் தெரியும்வரை பாவமன்னிப்பைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். தெரிவது என்றால் நடத்தையில்தானே தெரியும்? அன்பின் பெயரால் அவர்களும் வெளிச்சான்றுதான் கேட்டார்கள். வேறுபாடு சான்றின் கடுமையில் இருந்தது.

சீட்டு அரசியல் கருவி, பாவமன்னிப்பின் வரலாற்றோடு அதைச் சேர்க்கக்கூடாது என்பது இன்னொரு மறுப்பு. அரசியல் இருந்தது உண்மை. அருட்சாதனம் மறுத்த குருக்கள்மீது பாரிஸ் உயர்நீதிமன்றமான பர்லமாந்து வழக்குத் தொடுத்தது, 1753இல் மன்னர் அந்த நீதிபதிகளையே பாரிஸைவிட்டு வெளியேற்றினார். ஆனால் அந்தக் கருவி கைக்கு எட்டியது எப்படி? பாவசங்கீர்த்தனம் ஏற்கெனவே உறுப்பினர் அடையாளமாகியிருந்தது. அடக்கத்தை மறுக்கும் அதிகாரமும் 1215 முதலே சட்டத்தில் இருந்தது. போமோன் கூட்டியது ஒரு கையொப்பம் மட்டுமே.

1756இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், ‘உனிஜெனித்தூஸ்’ ஆணையை வெளிப்படையாக எதிர்ப்பவர் என்று எல்லாருக்கும் தெரிந்தவருக்கு மட்டுமே அருட்சாதனத்தை மறுக்கலாம் என்று வரையறுத்தார். கடும் பாவங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிக்கையிடும் கடமை 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 989ஆம் விதியாக இன்றும் நிற்கிறது. லாத்தரன் விதித்த கோவில் தடையும் அடக்க மறுப்பும் அந்த விதியில் இல்லை.